விளையாட்டுக்காக அல்ல

எழுபத்தொன்று, முப்பத்தெட்டு. கூடைப்பந்தில் அந்தக் கணக்குக்குத் தோல்வி என்று பெயர் வைப்பதே மரியாதை. ஸ்லேட் ஃபோர்க் அரசுப் பள்ளியின் பெண்கள் அணி, மாநிலக் கால் இறுதியில் செயின்ட் ஓர்லன் தனியார் பள்ளியிடம் அந்த வெள்ளிக்கிழமை வாங்கிக் கட்டிக்கொண்டது. கடைசி நான்கு நிமிடம் செயின்ட் ஓர்லன் மாணவர்கள் எழுந்து நின்று, கையைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள்.

"பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணு! ஊருக்குக் கெளம்பு!"

ஸ்லேட் ஃபோர்க்கின் கோச் ரெனாட்டா ஹுடாக் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. அதில் ஐந்து முறை கால் இறுதி. ஐந்து முறையும் தனியார் பள்ளியிடம்தான் தோல்வி. தோற்றதற்காக அவளுக்கு வயிறு எரியவில்லை, தோற்ற விதத்துக்காக எரிந்தது. அரசுப் பள்ளியில் சேர, அந்தப் பள்ளி வட்டாரத்தின் எல்லைக்குள் பெற்றோரோடு குடியிருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு எல்லையே கிடையாது. எந்த ஊர்ப் பெண்ணையும் கூப்பிடலாம், படிப்புச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்யலாம், வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்பலாம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே கோப்பைக்கு ஆட வேண்டுமாம். இதற்குப் பெயர் போட்டி!

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, செயின்ட் ஓர்லன்காரர்கள் விற்ற பளபளப்பான புத்தகம் ஒன்று அவள் கண்ணில் பட்டது. வாங்கினாள். பன்னிரண்டு பெண்களின் படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், உயரம், சொந்த ஊர். பன்னிரண்டு பெண்கள், ஒன்பது ஊர்கள். அவர்களே பெருமையாக அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அதில் இரண்டு பெண்கள் ஸ்லேட் ஃபோர்க்.

திங்கட்கிழமை காலை அந்தப் புத்தகத்தைத் தலைமை ஆசிரியர் லேலண்ட் ஃபிஸ்க்கின் மேஜையில் போட்டாள்.

"புதன்கிழமை விளையாட்டு மண்டலக் கூட்டம் இருக்குல்ல, அதுல தீர்மானம் கொண்டு வரேன். அரசுப் பள்ளிக்கு ஒரு கோப்பை, தனியாருக்கு ஒரு கோப்பை. தனித்தனியா ஆடுவோம். ஓட்டுல ஜெயிச்சா மாநில விளையாட்டுக் கழகத்துக்குப் போகும்."

ஃபிஸ்க் நல்ல மனுஷன்தான். ஆனால் கடிதம் வந்தாலே, பிரிக்கும் முன் ஒருமுறை பயந்துவிட்டுப் பிரிக்கிற சுபாவம்.

"பதினெட்டு ஸ்கூல் இருக்கு ரெனாட்டா. பத்து ஓட்டு வேணும்."

"பதினொண்ணு இருக்கு. ராத்திரி பூரா போன்லதான் இருந்தேன்."

"இவ தோத்த கோவத்துல பேசறான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். கோவம் இல்லன்னு யாரு சொன்னா?"

புதன்கிழமை பனி கொட்டியது. மேற்குப் பென்சில்வேனியாவில் மார்ச் மாதம் என்றால் வசந்தம் என்று நாள்காட்டிதான் சொல்லும். அதிலும் பதினெட்டுத் தலைமை ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். சிலர் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. நடைவழியில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ரெனாட்டாவின் பக்கத்தில் வந்து நின்றான் பிரெண்டன் கார்மடி. செயின்ட் ஓர்லனின் விளையாட்டுத் துறைத் தலைவன். நல்ல சூட், நல்ல பல்வரிசை.

"கோச், தீர்மானத்தோட நீங்க அனுப்பின ஊர் லிஸ்ட் பாத்தேன். நல்லா உழைச்சிருக்கீங்க."

"உங்க புத்தகம்தான். நீங்க அச்சடிச்சத நான் காப்பி அடிச்சேன், அவ்வளவுதான்."

"எங்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கு. ரொம்ப சின்னது. ஒரே ஒரு அட்ரஸ்." குரலைத் தாழ்த்தினான். "இருநூத்திப் பன்னிரண்டு, லோகஸ்ட் தெரு."

ரெனாட்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவள் வீடு.

டார்சி வார்கோ அவள் அணியின் உயிர்நாடி. பதினொன்றாம் வகுப்பு. போன ஆகஸ்டில் வாடகை வீடு போனதும் டார்சியின் அம்மா லோர்னா, மகளைக் கூட்டிக்கொண்டு டேனர் ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கையின் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் ஒண்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு பள்ளி வட்டாரம். அங்கே ஆள் சேரவில்லை என்று பெண்கள் அணியையே கலைத்து இரண்டு வருடமாகிறது. ரெனாட்டா யோசிக்கவே இல்லை. பள்ளிப் படிவத்தில் முகவரிக்கு நேரே தன் வீட்டு எண்ணைத் தன் பேனாவாலேயே எழுதினாள். அந்த முகவரி கழகத்தின் ஆட்டக்காரர் பட்டியலிலும் ஏறியது, அதை எந்தப் பள்ளியும் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று நாளாக அடுத்தவன் வீட்டு முகவரிகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்குத் தன் வீட்டு முகவரி நினைவுக்கே வரவில்லை. மறைத்தோம் என்று நினைத்திருந்தால் அல்லவா நினைவு வரும்? அது வேறு, இது வேறு என்றுதான் அவள் மனதில் இருந்தது. அவர்கள் கோப்பைக்காகப் பெண்ணைப் பிடிக்கிறார்கள். இவள் ஒரு பெண்ணை ஆட விட்டாள். ஆனால் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. செயின்ட் ஓர்லன் பன்னிரண்டு பேரைப் பிடித்தால் அது சேர்க்கை. ஸ்லேட் ஃபோர்க் ஒருத்தியைச் சேர்த்தால் மோசடி.

"நான் இத கழகத்துல கொடுத்தா, இந்த வருஷம் நீங்க ஜெயிச்ச இருபத்திரண்டு ஆட்டமும் போச்சு," என்றான் கார்மடி. "டார்சிக்கு ஒரு வருஷம் தடை. பன்னெண்டாவதுல ஆட முடியாது. ஸ்காலர்ஷிப் குடுக்கற காலேஜ்காரங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பாவம், நல்ல பொண்ணு."

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். இன்னிக்கு அந்தத் தீர்மானம் வேணாம், அவ்வளவுதான்."

அவன் முகத்தில் அந்தக் காபியை ஊற்றியிருக்கலாம். ஊற்றாததற்கு அவள் இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

ஐந்தாவது விஷயமாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். பதினொரு ஓட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன்."

பின்வரிசையில் இருந்த ஒரு மலையோரப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பெருத்த உடம்போடு எழுந்து நின்றார்.

"ரெண்டு மணி நேரம் பனியில உயிரக் கையில புடிச்சிட்டு வந்திருக்கேன்மா! ஞாயித்துக்கிழமை ராத்திரி என்னைத் தூங்க விடாம நீதானே பேசின?"

"நான்தான்."

"அப்ப காரணத்தச் சொல்லு!"

அவள் உட்கார்ந்தாள். கார்மடி குனிந்து ஏதோ குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். அடுத்த விஷயம், நீச்சல் போட்டிக்கான தேதி.

திரும்பும் வழியில் வண்டியிலேயே ஃபிஸ்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனுஷன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார்.

"எனக்குத் தெரியாத வரைக்கும் சரி. இப்பத் தெரிஞ்சிடுச்சே ரெனாட்டா. இனி அந்தப் பொண்ண வெச்சிருந்தா ஸ்கூல் மொத்தமும் மாட்டும்."

"அந்தப் பக்கம் டீமே இல்ல சார்! அவ எங்க போவா?"

"அது எனக்குத் தெரியல," என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை டார்சியின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, பள்ளியின் உள்ளரங்க ஆடுகளமான ஜிம்மில் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் ரெனாட்டா. டார்சி உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள். பழைய ஸ்வெட்டர், புது ஷூ. ஷூவைத்தான் ரெனாட்டா முதலில் பார்த்தாள்.

"கோச், ஒரு கையெழுத்து வேணும்."

பள்ளி மாறுதல் படிவம். எந்தப் பள்ளிக்கு என்ற இடத்தில் செயின்ட் ஓர்லன். சம்பளம் முழுத் தள்ளுபடி.

"எப்ப கூப்பிட்டாங்க?"

"அம்மாவுக்கு மிஸ்டர் கார்மடி போன் பண்ணாரு. அந்த மேட்சுக்கு மறுநாளே."

"மறுநாள்னா? சனிக்கிழமையா?"

"ஆமா. நான் அப்ப வேணாம்னுட்டேன் கோச், சத்தியமா. எங்க இருக்கீங்க, எப்படி வரணும், எல்லாம் கேட்டாரு. அம்மா டிரெய்லருக்கு வழி சொன்னாங்க. அம்மாவுக்கு என்ன தெரியும்?"

ஆக, அப்படி. நடைவழியில் அவன் சொன்ன அந்த முகவரி பொய் என்று யாரும் மொட்டைக் கடிதம் எழுதிப்போடவில்லை. பெண்ணை வளைக்கப் போன இடத்திலேயே அகப்பட்டது. வலை வீசினான், மீன் சிக்கவில்லை, குளத்தையே இறைத்துவிட்டான். இப்போது மீன் தானாக அவன் கையில். எல்லாம் சட்டப்படி. டேனர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன, நிலாவில் இருந்தால் என்ன, செயின்ட் ஓர்லனுக்கு முகவரி ஒரு பொருட்டா? ரெனாட்டாவுக்கு யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும்போல இருந்தது.

படிவத்தைப் புரட்டினாள். ஏழாவது கேள்வி: இந்த மாறுதல் விளையாட்டு நோக்கத்துக்காகவா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை. கீழே, முந்தைய பள்ளியின் கோச் கையெழுத்து.

"ஏன் மாறறன்னு கேட்டா என்ன சொல்லச் சொன்னாங்க?"

டார்சி தரையைப் பார்த்தாள். "அவங்க ஸ்கூல் வேதியியல் லேப் நல்லாருக்கும்னு."

"வேதியியல்ல உனக்கு என்ன மார்க்?"

"டி கிரேடு. ஏதோ பாஸ்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விளையாட்டுக்காகப் பள்ளி மாறக் கூடாது என்பது கழகத்தின் விதி, ஆம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். கார்மடி கையும் களவுமாக மாட்டுவான். ஓட்டுப் போட வந்து ஏமாந்த பதினொரு பேரின் முன்னாலும் அந்தத் தாளை வீசலாம். இதைவிடப் பெரிய ஆதாரம் பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது. கோடு போட்டால் கார்மடிக்கு ஒரு கண்டனக் கடிதம் வரும். டார்சிக்கு ஒரு வருடத் தடை வரும். இதிலும் அடி விழுவது யார் மேல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேனா இருக்கா?"

டார்சி கொடுத்தாள். ரெனாட்டா இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ஒரே வருடத்தில் அதே பெண்ணுக்காக இரண்டாவது பொய். முதல் பொய்க்குத் தண்டனை கிடைத்தது. இந்தப் பொய்க்கு மாநிலமே முத்திரை குத்தும்.

டார்சி தாளை வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"கோச், கோவமா இருக்கீங்களா?"

"ஆமா."

"என் மேலயா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இன்றைக்கு ஒரு இல்லையை எழுதியாயிற்று, இன்னொன்று வரவில்லை.

"உன் மேலயும்தான்," என்றாள் ரெனாட்டா. "அடுத்த வருஷம் எங்க ஜிம்முக்கு நீ ஆட வருவ. ரெண்டு பொண்ணுங்கள உன் மேல ஏவி விடுவேன். ஒரு பாஸ்கூடப் போக விட மாட்டேன். உனக்கு எந்தப் பக்கம் திரும்பினா கால் தடுமாறும்னு எனக்குத் தெரியும்."

டார்சியின் கண் நிறைந்தது. "தெரியும் கோச்," என்றாள்.

அவள் போன பிறகும் கதவு ஆடிக்கொண்டிருந்தது. ரெனாட்டா ஒரு பந்தை எடுத்து, ஆளில்லாத ஜிம்மின் சுவரில் பலமாக அடித்தாள். அது திரும்பி வந்தது. மறுபடி அடித்தாள்.