ஆதிரைக்கு மேலே ரோகிணி

மார்கழித் திருவாதிரையன்று பகவதியம்மாளுக்கு ஒரு கட்டாய வேலை உண்டு. களியை இறக்கி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய், கிழக்கே ஆதிரை எழுந்துவிட்டதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் குற்றாலலிங்கம் விரதம் விட்டுக் களியில் கை வைப்பார். அது அவருடைய ஜென்ம நட்சத்திரம். அவளுடையது ரோகிணி. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்த மனிதர், கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"யாருக்குட்டி வெளிச்சம் ஜாஸ்தி?"

"உங்களுக்குத்தான். ஆண்டவன் எனக்கு எதைத்தான் கூட வச்சான்?"

அவர் சிரித்துக்கொண்டே இலை முன்னால் உட்காருவார்.

இந்த வருஷம் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவர் நெஞ்சில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன், இந்த மாசத்தைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குற்றாலலிங்கமோ, "ஆதிரையைப் பார்த்துட்டு வா. பிறகு சம்மதம் சொல்லுதேன்" என்று பிடித்த பிடியில் நின்றார்.

மாடியில் நிலா பாலாய் ஊற்றிக்கொண்டிருந்தது. ரோகிணி நெய் விளக்குபோல உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆதிரை எங்கே? தேடித்தான் பிடித்தாள். நீறு பூத்த கங்குபோலச் சோர்ந்து கிடந்தது. நிலா வெளிச்சத்தில்தான் இப்படித் தெரிகிறதோ என்று உள்ளங்கையால் நிலாவை மறைத்துப் பார்த்தாள். அப்போதும் அப்படியேதான்.

"சாமி, உனக்கு மங்குறதுக்கு இன்னைக்குத்தானா நாள் கிடைச்சுது?" என்றாள்.

கீழே வந்ததும் அவர் தலையை நிமிர்த்தினார். "யாருக்குட்டி ஜாஸ்தி?"

"உங்களுக்குத்தான். பளிச்சுன்னு இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். "பின்னே ஏன் இந்த வாட்டி நீ சடைக்கலே?"

அவள் கை கரண்டியைத் தேடியது. வருஷா வருஷம் ஆண்டவனைக் குறை சொல்லும் அந்த ஒரு சலிப்பை மறந்துபோனாளே!

வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் அஸ்வதிதான் ஓடி வந்தாள். "அப்பா, அது மங்கினது உள்ளதுதான். பேப்பர்ல எல்லாம் போட்டிருக்கு. ஆனா பயப்படண்டாம். அது பெரிய சிவப்பு நட்சத்திரமாக்கும். நம்ம நெஞ்சு மாதிரி வீங்கும், சுருங்கும். கொஞ்ச நாள் மங்கும், பின்னே தானா தெளியும்."

மகளை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது பகவதியம்மாளுக்கு.

"தெளியுமா? உறப்பா? நிச்சயந்தானா?"

"உறப்பு அப்பா."

"எப்பம்?"

"சித்திரையிலே பழையபடி ஆயிரும்னு சொல்லுதாங்க."

குற்றாலலிங்கத்தின் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "செரி. அப்பம் ஆபரேஷனைச் சித்திரையிலே வச்சுக்கிடுவோம்."

"அப்பா! டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டருக்கு என்ன நட்சத்திரமோ, யாரு கண்டா! மங்கினதும் உள்ளது, தெளியறதும் உறப்புன்னு நீதானே மக்ளே சொன்னே? தெளியப்போற நெஞ்சை மங்கின நேரத்திலயா போய்க் கீறுவான் ஒருத்தன்? களியை வைட்டி, பசிக்கி."

"எந்தா அம்மே இது..." அஸ்வதி அம்மா பக்கம் திரும்பினாள். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. எதைத் திரும்ப வாங்குவாள்?

அவர் இரண்டாம் தடவையும் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை வந்தது, போனது. பொங்கலும் போனது. அஸ்வதி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். டாக்டரே போனில் கூப்பிட்டுப் பேசினார். "சித்திரையில வாறேன் சாரே" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார் குற்றாலலிங்கம்.

இப்போதெல்லாம் விளக்கு ஏற்றிய கையோடு பகவதியம்மாள் மாடிக்குப் போய்விடுகிறாள். ஆதிரை நாளுக்கு நாள் இன்னும் சுண்டிப்போவதுபோல இருக்கிறது. ரோகிணி மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எரிகிறது.

"நீயாவது கொஞ்சம் அடங்கி இரேன், மூதேவி" என்று தன் நட்சத்திரத்தையே வைகிறாள்.

கீழேயிருந்து குரல் வருகிறது, நடுவில் மூச்சுக்கு நின்று நின்று. "என்னட்டி... தெளிஞ்சுதா?"

தெளிந்தது என்றால் நம்பமாட்டார். இல்லை என்றால் நம்பிவிடுவார்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே அவர் மறுபடியும் கேட்கிறார்.