நெஞ்செலும்பு பெற்ற நடுவர்

கீழைக் குன்றுகளின் தோள்மேல் ஏறி நின்ற கதிரவன், நெடுமரங்களின் மஞ்சள் இலைகளைப் பொற்றகடெனத் துலக்கிக்கொண்டிருந்த இலையுதிர் காலத்து முற்பகல் அது. தெற்கே வெண்பனி போர்த்த மலைத்தொடர், ஆண்டுதோறும் தன் ஆடையைச் சிறிது சிறிதாய் மேலே சுருட்டிக்கொள்ளும் முதுமகள்போல் வீற்றிருந்தது. அடிவாரத்துச் சந்தையில் குதிரைப்பாலின் புளிப்பும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மணமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தெருவெங்கும் உலவின. மலைக்கும் சந்தைக்கும் இடையே, முகத்தில் நீலக் கண்ணாடி பூசிப் பளபளத்தும், முதுகுப்புறம் காரை பெயர்ந்து செங்கல் தெரியச் சிரங்குபிடித்தும், முன்னே நிற்பவனுக்கு மாளிகையாகவும் பின்னே செல்பவனுக்குப் பாழ்மனையாகவும் தோன்றி நின்றது, கோக்சாய் நகரின் பெருமையென்று எம்மவர் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம்.

அதன் அரியணையில் அமர்ந்திருந்தவர் துணைவேந்தர் துர்குன்பாய். அரியணை என்றது மிகையன்று, கற்றோரே. சுழலும் சக்கரங்கள் பூட்டிய அந்த இருக்கைக்குக் குதிரைத்தோல் போர்த்தி, தலைமாட்டில் கழுகு ஒன்றையும் பொறித்து வைத்திருந்தனர். முன்பு நெடுஞ்சாலைத் துறையில் பெரும்பதவி வகித்து, மூன்றாம் மழைக்குத் தாங்காத சாலைகளால் புகழ்பெற்ற அப்பெருமகனார், கல்விக்கு வந்த நாள்முதல் ஒரே ஒரு சொல்லைக் காதலித்தார்: தரவரிசை. கட்டுரை எழுதினால் புள்ளி, அதனைப் பிறர் மேற்கோள் காட்டினால் கூடுதல் புள்ளி, அயல்நாட்டார் காட்டினால் இரட்டைப் புள்ளி. புள்ளி மிக்கவர்க்கு மின்தூக்கியில் முதலிடம், புள்ளியற்றவர்க்குப் படிக்கட்டு. பெருங்கட்டணம் செலுத்தி மருத்துவம் பயிலத் தென்னாட்டிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் கருவூலத்தை நிறைக்க, அவர்க்கு உடற்கூறு காட்ட ஓர் உடலும் இல்லாமல் திரையில் படம் ஓட்டிய அக்கழகம், நுழைவாயிலில் மட்டும் ‘நாளைய உலகின் முதல் வாயில்’ என்று பொன்னெழுத்தில் எழுதி வைத்திருந்தது. மாணவர்க்காகக் கணிப்பொறி கட்டுரை எழுத, ஆசிரியர்க்காக அதே பொறி அதனைத் திருத்த, இடையில் மாந்தர் இருவரும் தேநீர் அருந்தி மகிழ்ந்தனர்.

இந்த வேள்வியில் மிகுதியாய்ப் பயன்பெற்றவன் எர்மெக் என்னும் இளைஞன். முப்பது வயது நிரம்பாமலே ஆய்வுத்துறைத் தலைவனாகிவிட்ட அவன், கடலை நிலப்படத்தில் அன்றிக் கண்டதில்லை. ஆயினும் ஆழ்கடல் மீனின் செவுள் பற்றியும், ஒட்டகத்தின் சிறுநீரகம் பற்றியும், மணமுறிவுச் சட்டம் பற்றியும் அவன் பெயரில் கட்டுரைகள் அயல்நாட்டு ஏடுகளில் மழைக்காளான்போல் முளைத்தன. விலைக்கு எழுதுவோர் எங்கிருந்தோ எழுத, விலைக்கு வெளியிடுவோர் எங்கிருந்தோ வெளியிட, விலைக்கு மேற்கோள் காட்டுவோர் காட்ட, எர்மெக் புள்ளிகளின் மலையுச்சியில் கொடி நாட்டி நின்றான்.

படிக்கட்டில் ஏறுபவருள் ஒருவர் மைரம்கான். பனியாற்றியல் துறையின் தலைவர். கோடைதோறும் மாணவரோடு மலையேறி, பனியில் கழிகளை ஊன்றி, அது எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து, அளந்ததைத் தம் மொழியில் எழுதி வெளியிட்டதொன்றே அவர் செய்த பிழை. தாய்மொழியில் எழுதியதற்குப் புள்ளி இல்லை. அவரிடம் இறுதியாண்டில் நால்வர் பயின்றனர். அந்த நால்வர் பொருட்டே துணைவேந்தரின் அறைக்கு அவர் சென்றார்.

“நாலு பேருக்கு ஒரு டிபார்ட்மென்ட்டா அக்கா? மழை பெஞ்சா ஒதுங்குற கூட்டமே அதைவிடப் பெருசா இருக்கும்” என்றார் துர்குன்பாய்.

“நாலு பேரும் கடைசி வருஷம். இப்ப மூடினா அவங்க படிப்பு என்ன ஆகும்?”

“சுற்றுலாவுக்கு மாத்திடலாம். முதல் வருஷத்துலேர்ந்து படிக்கட்டும். இளசுங்கதானே, என்ன அவசரம்?”

“அவங்க அப்பா அம்மா ஆட்டை வித்துப் படிக்க வெச்சிருக்காங்க தம்பி.”

“அப்ப இப்படிப் பண்ணுங்க. தரம் பாக்குறதுக்கு நடுவர் குழு வருதில்ல? அவங்க அறிக்கையில ‘இந்தத் துறை இருக்கணும்’னு எழுதிட்டா இருக்கட்டும். எழுதலேன்னா, குழு கார்ல ஏறினதும் உங்க பலகையைக் கழட்டிடுவேன்.”

நடுவர் குழுவின் தலைவர் அபில்தா, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கசக்கஸ்தான் நாட்டுப் பேரறிஞர்; நிலவியலில் இளமையில் நற்பெயர் ஈட்டி, அதன்பின் நற்பெயரை உண்டே முதுமை எய்தியவர். வெண்தாடி மார்பில் புரள, எழுபது வயதின் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே வணக்கம் எதிர்பார்ப்பவர். அவரைச் சிறப்பிக்கப் பல்கலைக்கழகப் புல்வெளியில் கம்பளிக் கூடாரம் எழுந்தது. கொழுத்த ஆடு அறுபட்டது. இங்கேதான் துர்குன்பாயின் அறிவு தன் எல்லையைக் கடந்து சென்றது.

எம்மூரில் ஆடு வெந்தால் எலும்புக்கு எலும்பு உரியவர் உண்டு. இடுப்பெலும்பு அவையில் மூத்தவருக்கு. வாலடி எலும்பு மூத்த பெண்ணுக்கு. நல்லிகள் வயதின் படிநிலையில். நெஞ்செலும்போ வீட்டு மருமகனுக்கு. எந்த எலும்பு எவர் தட்டில் விழுகிறது என்பதை நோக்கியே எம்மவர் தம் மதிப்பை அறிவர். மாறி விழுந்த எலும்பால் முறிந்த சம்பந்தங்கள் உண்டு. இதையெல்லாம் தாய்ப்பாலோடு அருந்திய துர்குன்பாய்தான், ‘எலும்பும் இனிப் புள்ளிப்படியே’ என்று ஆணையிட்டார். உலகத் தரத்தை உணவிலும் காட்டினால் நடுவர் வியப்பர் என்பது அவர் கணிப்பு. ஆட்சிக்குழுவில் எவரும் மறுக்கவில்லை. தலையசைத்ததற்குப் புள்ளி உண்டா என்று மட்டும் இருவர் கேட்டனர்.

நண்பகலில் விருந்து தொடங்கிற்று. கூடாரத்தின் நடுவே திரை கட்டி, அதில் அவையோர் பெயர்களைப் புள்ளி வரிசையில் ஒளிரச் செய்து, ஒவ்வொரு பெயராக உரக்க அழைத்தனர். முதற்பெயர் எர்மெக். மூத்தோர் அமரும் வாயிலெதிர் இருக்கையில் மணமகன்போல் நாணி அமர்ந்திருந்த அவன் முன் இடுப்பெலும்பு வந்து வீழ்ந்தது. வெந்நீராவி அவன் கண்ணாடியை மறைத்தமையால், அவையின் முகங்கள் கறுத்ததை அவன் காணவில்லை. நல்லிகள் இளைஞர்க்குச் சென்றன. புள்ளியே இல்லாததால் திரையில் பெயரும் ஏறாத மைரம்கானுக்கு எலும்பே இல்லை. இறைச்சியோடு வேகவைத்த மாவுப் பட்டை மட்டும் இரண்டு அகப்பை கிடைத்தது. அபில்தா பழைய தலைமுறையினர். புள்ளி தரும் ஏடுகள் பிறக்கும் முன்பே எழுதி முடித்துவிட்டவர். திரையின் அடியில் கிடந்த அவர் பெயருக்கு எஞ்சியது நெஞ்செலும்பு.

பெரியவர் தட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மீண்டும் தட்டைப் பார்த்தார்.

“ஏம்ப்பா துர்குன்பாய், உனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா?”

“இல்லீங்களே ஐயா. மூணுமே பசங்க.”

“அப்ப நான் யார் வீட்டு மாப்பிள்ளை?”

குழுவில் உடன் வந்த ஒல்லியான அம்மையார் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரித்தார். “எழுபது வயசுல மாப்பிள்ளை ஆகிற கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும் அண்ணே! தாடிக்குக் கொஞ்சம் மை போட்டுட்டா ஜோடிப்பொருத்தம்கூடப் பாத்துடலாம்.”

“தப்பா நினைக்காதீங்க ஐயா” என்று எழுந்தார் துர்குன்பாய். “இது புதுமை. வயசு எல்லாருக்கும் தானா வரும். தகுதி அப்படி வருமா? எங்க எர்மெக்கைப் பாருங்க, நூத்துக்கணக்குல மேற்கோள்!”

“ஓ! அப்ப எனக்குத் தகுதியே இல்லேங்கிறே.”

“ஐயோ, நான் சொல்லலீங்க. திரை சொல்லுது.”

அபில்தா எழுந்தார். நெஞ்செலும்பை இரு விரலால் தூக்கிச் சென்று எர்மெக்கின் தட்டில் இட்டார். “தம்பி, இதையும் நீயே வெச்சுக்கோ. இதைப் பத்தியும் ஒரு கட்டுரை எழுதிடு” என்று சொல்லி, தொப்பியை அணிந்து, அறுவடை முடிந்த வயலில் நடக்கும் நாரைபோல் நெடிய அடி வைத்து வெளியேறினார். குழுவினர் பின்தொடர்ந்தனர். நாளை காலையே ஊர் திரும்புவதாக விடுதியிலிருந்து செய்தி வந்தது.

அப்போது துர்குன்பாயின் நினைவுக்கு வந்தவர், மின்தூக்கியில் அவர் என்றும் ஏற்றிக்கொள்ளாத மைரம்கான்.

“அக்கா, நீங்களும் பெரியவரும் அந்தக் காலத்துல ஒரே கூடாரத்துல மலையில இருந்தீங்களாமே? போய் ஒரு வார்த்தை பேசுங்க. நாளைக்கு வேற ஆடு அடிக்கிறேன். முறைப்படி எல்லாம் செய்யறேன்.”

“என் பசங்க?”

“அறிக்கையில ஒரு வரி வாங்கிட்டு வாங்க. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்.”

மாலை வெயில் சாயும் வேளையில் அவர் விடுதிக்குச் சென்றார். அபில்தா சாளரத்தருகே சினத்தைப் போர்த்தி அமர்ந்திருந்தார்.

“வா மைரம். நீயும் வேடிக்கை பாத்தே இல்ல?”

“எனக்கு எலும்பே வரலை அண்ணே. உங்களுக்காவது வந்துச்சு.”

“அதான் சொல்றேன்! வராம இருந்திருந்தா மறந்துட்டாங்கன்னு விட்டிருப்பேன். அந்தப் பயலுக்கு இடுப்பெலும்பு, எனக்கு நெஞ்செலும்பா?”

“அவன் கட்டுரை அத்தனையும் காசு குடுத்து வாங்கினது. அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? பாத்ததுமே தெரிஞ்சுது. அதை யாரு கேட்டா? எங்க ஊர்லயும் அப்படித்தான். நான் கேக்குறது எலும்பை!”

மைரம்கான், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பனிப்பிளவில் கயிற்றில் தொங்கியபடி பாறையின் பெயரைக் கூவிச் சொன்ன இளைஞனை அம்முகத்தில் தேடினார்; தாடிதான் இருந்தது.

“நாளைக்கு முறைப்படி வைப்பாங்க. எனக்காக வாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அறிக்கையில எங்க துறையைப் பத்தி ஒரு நல்ல வரி.”

“ஒரு வரி என்ன, நல்லா எழுதறேன். ஆனா இடுப்பெலும்போட, கண்ணும் காதும் சேர்த்துத் தலையையும் எனக்குத்தான் தரணும், சொல்லிடு.”

மறுநாள் இரண்டாம் ஆடு தன் கடமையைச் செய்தது. திரை அகன்றது, எர்மெக் வாயிலோரம் செருப்புகளுக்கு அருகே அமர்ந்தான், இடுப்பெலும்பும் தலையும் அபில்தாவை அடைந்தன, வாலடி எலும்பு மைரம்கானை அடைந்தது. துர்குன்பாய் தம் கையாலேயே பெரியவரின் தோளில் பூவேலை மேலங்கி போர்த்தினார். கண்ணீர் மல்க இருவரும் தழுவினர். கல்வி பற்றி எவரும் ஒரு சொல்லும் உரைக்காத அந்த விருந்தே, அக்குழு அந்நகரில் நிகழ்த்திய ஆய்வின் பெரும்பகுதி என்பதை அறிக.

அறிக்கை வந்தது. கோக்சாய் பல்கலைக்கழகத்துக்கு முழுத்தகுதி. மரபுவழி விருந்தோம்பலைக் கல்வியோடு இணைத்த பாங்கை நடுவர் குழு வியந்து, அதற்கெனத் தனி மையம் ஒன்றை, ‘விரைவில் காலியாகும் அறைகளில்’ தொடங்கப் பரிந்துரைத்தது. அபில்தாவும் சொல் தவறவில்லை. மைரம்கானுக்கு அளித்த வரி பின்னிணைப்பில் இருந்தது: ‘பனியாற்றியல் துறையின் நீண்ட பணி என்றும் நன்றியோடு நினைவுகூரத் தக்கது.’

“பாத்தீங்களா அக்கா, உங்க வரி!” என்று மலர்ந்தார் துர்குன்பாய். “புது மையத்துக்கும் நீங்கதான் தலைவர். பெரியவரையே வழிக்குக் கொண்டு வந்தீங்களே, விருந்தோம்பல் உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

“நல்ல வரி கேட்டேன். இரங்கல் எழுதியிருக்கார்” என்றார் மைரம்கான். “சரி. நாலு பேரும் இந்த வருஷமே பட்டம் வாங்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா உங்க மையத்துல உக்காருறேன்.”

“அது எப்படி அக்கா, துறையே இல்லாம…”

“ஒத்துக்கலேன்னா பெரியவருக்கு ஃபோன் போடுவேன். அந்த நெஞ்செலும்பு தெரியாம விழுந்தது இல்ல, அவரை மட்டம் தட்டணும்னே நீங்க போன வாரமே திட்டம் போட்டு வெச்சதுன்னு சொல்லுவேன். நம்புவாரா மாட்டாரா, நீங்களே சொல்லுங்க.”

துர்குன்பாயின் சுழல் இருக்கை பாதி வழியில் நின்றது. எர்மெக்கின் கட்டுரைகள் விலைக்கு வாங்கியவை என்று உலகறியச் சொல்லியிருப்பினும் அவர் இத்துணை வெளுத்திருக்கமாட்டார்.

“பட்டத்துல விருந்தோம்பல்னுதான் போட முடியும்” என்றார்.

“போட்டுக்கோங்க.”

அவ்வாறே ஆயிற்று. அடுத்த கோடையில் பட்டமளிப்பு அரங்கில், விருந்தோம்பல் கலையில் முதல் அணியினர் என்று நால்வர் மேடையேறினர். அவர்தம் முகம் பனிவெயிலில் கருகியிருந்தது, உதடு வெடித்திருந்தது, முந்தைய வாரம்வரை மலைமேல் இருந்து வந்தவர்கள் அவர்கள். விருந்தினரை எழுந்து வரவேற்கும் முறை எது என்று சிறப்பு விருந்தினர் விளையாட்டாய்க் கேட்க, அய்தாய் என்னும் பெண், “முதல்ல கயிறு கட்டிக்கணும்” என்றாள். அரங்கம் அதனை நகைச்சுவை என்றெண்ணிக் கைதட்டியது. கூட்டத்தின் கடைவரிசையில் மைரம்கான் மட்டும் சிரிக்கவில்லை.

இன்று அவர், முதலாண்டு இளைஞர் அறுபதின்மர்க்குத் தேநீர் ஊற்றும் கோணம் கற்பிக்கிறார். கோடையில் நால்வரோடும் தம் செலவில் மலையேறுகிறார். அளப்பவை எந்தத் துறையின் பெயரிலும் பதிவாவதில்லை. ஆகவே, கற்றோரே, கோக்சாயில் கல்வி மாண்டதென்று யாம் உரையோம். வாழ்கிறது, எல்லைகடந்து வந்த கள்ளச்சரக்கு வாழ்வதுபோல, வேறு பெயர் ஒட்டி, ஒளிந்து, தன் வீட்டிலேயே தான் இன்னதென்று வாய்திறவாமல்.