ஆதிமனிதர் எடுத்த பெரட்டு

பதினைந்தாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் ஒரு வேட்டைக் குழு இருந்திருந்தால், அது எப்படிப் பிழைத்திருக்கும்? றொசல்லப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், பத்தாந்தரத்துப் பிள்ளைகள் நான்கு பேர் தலையில் விழுந்த கேள்வி இது. வலயக் கண்காட்சியில் முதலிடம் பிடித்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். நால்வரில் ஒருத்தியான ஜெயந்தினிக்கு அந்த முதலிடம் வேண்டும். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை மாகாணத்துக்குப் போனது அதிபரின் குடை ஒன்றுதான். அதுவும் ரயிலில் மறந்து விட்டதால் போனது.

ஆதிமனிதர் போலவே நனைந்த விறகில் தீ மூட்டிப் பார்த்தார்கள். புகையில் பக்கத்து லயத்தின் வரிசை வீடுகள் அத்தனையும் இருமின. காட்டுக் கிழங்கு தோண்டினார்கள். மிஞ்சியது வேட்டை. காட்டு மிருகத்தைத் தொட்டால் பொலிஸ் வரும். அதனால் வேலாயி அக்காவின் கறுப்பு ஆட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத் தெரியாமல் ஊர்ந்துபோய் முதுகில் கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் குழுவுக்கு அன்றைக்குக் கறி என்று கணக்கு.

ஆளுக்கொரு திக்கில் பிரிந்தார்கள். அன்றைய மூடுபனியில் ஒருவன் தன் மூக்கைத் தொடுவதென்றாலும் நாலு பேரிடம் வழி கேட்டுத்தான் போக வேண்டும். மூன்று மணிக்கு ஆடு தானாகவே லயத்துக்கு வந்து படுத்துக்கொண்டு அசைபோட்டது. பின்னாலேயே ஜெயந்தினி, தனுஷன், டிலுக்ஷி மூவரும் சொட்டச் சொட்ட வந்து, ஆட்டுக்கு யார் அதிகம் கிட்டப் போனது என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள்.

“உங்களுக்கெல்லாம் பெரட்டு எடுத்தாத்தான் சரிவரும்” என்று எழுந்தாள் ஜெயந்தினி. அவள் அப்பா கந்தப்பன் கங்காணி. விடிந்ததும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்தத் தேயிலை மலை என்று அவர் ஆள் பிரிக்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்துக் குரலைத் தடிப்பாக்கினாள்.

“தனுஷன்!”

“வந்தேங்க கங்காணி!”

“டிலுக்ஷி!”

“வந்தேங்க!”

“நிரஞ்சன்!”

ஆடு மட்டும் பதில் சொன்னது.

சிரிப்பு அப்படியே நின்றது. மூவரும் ஓடினார்கள். மூன்றாம் நம்பர் மலையில், ஆளுயர வடிகால் கானுக்குள், மழைத் தண்ணீர் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருக்க, சுளுக்கிய காலோடு உட்கார்ந்திருந்தான் நிரஞ்சன். அவன் காலில் தொங்கிய அட்டைகளுக்கே தனியாக ஒரு பெரட்டு போட்டிருக்கலாம்.

“ஏன்டா கத்தல?” என்றாள் டிலுக்ஷி.

“கத்தினா ஆடு ஓடிருமே!”

மறுநாள் காலையில் ஜெயந்தினி படத்தாளில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டாள்: ‘வேட்டைக் குழுவைப் பிழைக்க வைத்தது ஈட்டி அல்ல, பெரட்டு.’

வலயக் கண்காட்சி நடந்த அட்டன் மண்டபத்தில் நடுவர் அதைப் படித்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாவும் குலுங்கச் சிரித்தார்.

“ஆதிமனுசன் பெரட்டு எடுத்தானா? எந்தத் துரைகிட்ட வேலை செஞ்சான்?”

மண்டபம் சிரித்தது; கூரைத் தகரமும் சேர்ந்து சிரித்ததாக ஜெயந்தினிக்குப் பட்டது. அவர் சிவப்புப் பேனாவால் ‘பெரட்டு’ என்பதை வெட்டி, மேலே ‘கூட்டம்’ என்று எழுதினார்.

“ஆராய்ச்சி நல்லாருக்கு. தோட்டப் பேச்சுதான் ஆகாது, மாகாணத்துல சிரிப்பாங்க. இப்படி மாத்துங்க, முதலிடம் உங்களுக்குத்தான்.”

“ஒரு சொல்லுதானே புள்ள” என்று காதருகே கெஞ்சினார், கூட வந்திருந்த இக்னேசியஸ் சார்.

ஜெயந்தினி இடுப்பில் கை வைத்தாள். குரல் அப்பாவின் குரலாகவே வந்தது.

“கூட்டத்துல வந்தவங்கதான் இருப்பாங்க சார். பெரட்டுலதான் வராதவன் பேரையும் கூப்புடுவாங்க. வராதவன தேடாத குழு எத்தன ஈட்டி வச்சிருந்தாலும் பிழைக்காதுங்க.”

“அப்ப மாத்த மாட்டீங்க?” என்றார் நடுவர்.

“மாத்த மாட்டோங்க.”

சொன்னதோடு விட்டாளா? டிலுக்ஷியிடம் மார்க்கரை வாங்கி, வெட்டிய சொல்லை மறுபடி எழுதினாள். பல மலை தாண்டி வலப்பனையில் நின்று பார்த்தாலும் கண் கூசும், அவ்வளவு பெரிது.

முதலிடம், காட்போர்ட்டில் குகை கட்டி வாசலில் ஏழு ஈட்டி நட்டிருந்த டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

மாலையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. “ஏறுங்க, ஏறுங்க!” என்று கண்டக்டர் தட்டினான். ஜெயந்தினி மிதிபலகையில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். மறுபடியும் நிரஞ்சன் இல்லை.

மண்டபத்துக்குத் திரும்பி ஓடினால், நடுவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“தொறங்க சார், எங்க ஆள் ஒண்ணு கொறையுது.”

“எல்லாரையும் அனுப்பிட்டுத்தானே பூட்டினேன்!”

“பேர் கூப்புட்டீங்களா சார்?”

அவர் சாவியை வெளியே எடுத்துக் கதவைத் திறந்தார். முதல் பரிசுக் குகைக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான் நிரஞ்சன்.

“பரிசு குடுத்தது சரிதாங்க சார். உள்ள நல்லாத் தூக்கம் வருது.”

நடுவர் நெற்றியைத் துடைத்தார். “சரி சரி, பஸ் எடுக்க முந்தி இன்னொருக்கா பெரட்டு எடுத்துருங்க” என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை.

“கூட்டம்னு சொல்லுங்க சார்” என்றாள் ஜெயந்தினி.