கட்டிப்பிடித்தால் தெரியக்கூடாது

1

இந்தக் கதை என் விலா எலும்பில் தொடங்கியது. மற்றவர்களுக்கு ரயில் ஜன்னலிலோ மழையிலோ கதை உதிக்குமாம். எனக்கு அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், எங்கள் ஊர் பாப்டிஸ்ட் சபையின் வாசலில், வெர்லின் டட்டில் வழக்கம்போல் கட்டிப்பிடித்தபோது இடது பக்கம் நங்கென்று இடித்தது.

வெர்லின் எங்கள் வாசற்காரர். ஞாயிறு தவறாமல் கதவருகே நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து உள்ளே அனுப்புவார். அதற்குச் சம்பளமும் கிடையாது, பட்டமும் கிடையாது. டயர் கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருக்கிற ஆறடி மனிதர். பழைய மெத்தை ஒன்று எழுந்து வந்து நம்மைத் தழுவுவது போலிருக்கும். அன்று மெத்தைக்குள் ஒரு செங்கல் இருந்தது.

"என்ன வெர்லின், இடுப்புல ஏதாவது கட்டா?"

"தெரியுதா?"

"என்ன தெரியுதா?"

"அப்ப தெரியல. போ, உள்ள போ. காப்பி ஆறுது."

(நல்ல ஆகஸ்ட் வெயிலில் அவர் தடித்த மேலங்கி போட்டிருந்தார். அதை நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்பது மரியாதை இல்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: இரும்பின் குளிர்ச்சி அவர் இடுப்பில் ஒரு பழைய பாவத்தைப் போல

அங்கேயே விட்டுவிட்டேன். அந்த வெயிலில் எந்த இரும்பும் குளிர்ச்சியாக இருக்காது. வெர்லினிடம் சொல்லிக்கொள்ளும்படி பழைய பாவமும் கிடையாது.

அடுத்தது: வன்முறை என்பது நவீன மனிதன் தன் தனிமைக்குச் சூட்டிய

இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் கருத்தரங்குகளில் இருக்கிறார்கள். நான் கேலன் ப்ரூயிட்டிலிருந்து தொடங்குகிறேன்.

3

கேலன் பயிர்க் காப்பீடு விற்பவர். "ஆபத்தை எடை போடறதுதான் பிரதர் என் தொழில்" என்பார். வசந்த காலத்தில் சபைக்கு ஒரு பாதுகாப்புக் குழு தேவை என்று அவர்தான் எழுந்து சொன்னார். டோனட் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. ஆளுக்கொரு துப்பாக்கி, அதை மறைத்து வைத்திருக்க வேண்டும், யார் யாரிடம் இருக்கிறது என்று சபைக்குத் தெரியவே கூடாது. இதுதான் திட்டம்.

விளைவு, கோடை வந்த பிறகும் ஐந்து ஆண்கள் மட்டும் மேலங்கியோடு வந்தார்கள். பாட்டுக்கு எழும்போது ஐந்து பேரும் ஒரே மாதிரி வலது முழங்கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சபை முழுக்கப் பார்த்தது. முழுச் சபையும் பார்க்காத மாதிரி பாடியது.

இதுவரை எங்கள் சபைக்குள் அத்துமீறி நுழைந்தது கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட ஒரு ரக்கூன் பிராணி மட்டும்தான். சமையலறையில் புகுந்து பெக்கன் கொட்டை போட்ட இனிப்புப் பணியாரம் ஒன்றைத் தின்றுவிட்டுப் போனது. அதைக்கூட நடீன் துடைப்பத்தால் துரத்திவிட்டார். நடீன், வெர்லினின் மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.

குழுவில் ஐந்தாவது ஆள் வெர்லின். அவருக்குத் தன்னிடமிருந்த சின்னத் துப்பாக்கி போதும் என்றுதான் எண்ணம். ஆகஸ்டில் ஒருநாள் கேலன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன பிரதர், சாவிக்கொத்தா?"

"ஒன்பது மில்லிமீட்டர். போதும்னு சொல்றாங்க."

"கொசு கடிச்சா எவனாவது ஓடுவானா? நாற்பத்தைந்து வாங்கு. உன் உருவத்துக்கு அதுதான் பொருத்தம்."

குண்டின் பருமனைச் சொல்லும் எண்கள் இவை, ஒன்று மில்லிமீட்டரில், மற்றது அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில். எங்கள் ஊரில் நட்பும் பகையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நடக்கும். வெர்லின் அந்த வாரமே ஒருவரிடமிருந்து பெரிய நாற்பத்தைந்து ஒன்றை இரவல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதுதான் என் விலாவில் இடித்தது.

4

(இந்தப் பகுதியில் கைத்துப்பாக்கியின் வரலாறு இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன். மறுபடி படித்தபோது கேலன் பேசுவது போலவே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

5

ஆர்விஸ் ஹோல்கம் என்கிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவரை இரண்டு மனிதர்களிலிருந்து சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் மன்னியுங்கள்.

மாடு வளர்க்கிறவர். மனைவி இறந்தபின் தனியாள். பிரசங்கம் முடியும்வரை தூங்குவார், பாட்டுக்கு வாய் திறக்கமாட்டார், காப்பிக்கு நிற்கமாட்டார். பின் எதற்கு வருகிறார் என்று ஊரே கேட்கும். வெர்லினுக்குத் தெரியும். வாசலில் அந்த ஒரு தழுவலுக்காக வருகிறார். வாரம் முழுக்க அவரைத் தொடுகிற மற்ற ஜீவன்கள் எல்லாம் நாலு காலில் நிற்பவை.

என்னை இடித்ததிலிருந்து வெர்லினுக்குப் பயம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு எல்லோரையும் பக்கவாட்டில் நின்று அணைத்தார். இடது தோளைக் கொடுத்து, முதுகில் இரண்டு தட்டு. ஆர்விஸுக்கும் அதேதான்.

ஆர்விஸ் நின்றார். "இது என்ன, டிராக்டரை ஓரமா நிறுத்தற மாதிரி?"

"முதுகு பிடிச்சிருக்கு ஆர்விஸ்."

"ம்."

அதற்கடுத்த வாரம் ஆர்விஸ் முன்வாசலுக்கு வரவில்லை. சமையலறைப் பக்கக் கதவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தார். வெர்லின் வாசலிலிருந்து அதைப் பார்த்தார்.

"மூணாவது வாரம் அவன் வரவே மாட்டான்," என்று அன்று நடீனிடம் சொன்னாராம்.

"அப்ப அந்த இரும்பைத் தூக்கிப் போடு."

"குழுவுல பேர் குடுத்துட்டேனே. எனக்கு ரெண்டும் வேணும் நடீன். பெருசாவும் இருக்கணும், கட்டிப்பிடிச்சா தெரியவும் கூடாது."

[முதல் பிரதியில் நடீனை "என்னங்க" என்று பேசவைத்திருந்தேன். பொருந்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கணவரை "டட்டில்" என்று குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அதுவும் பேருந்தில் சேட்டை செய்கிற பையனை அதட்டும் குரலில்.]

6

ஆகவே துப்பாக்கிக் கடை. நானும் போயிருந்தேன். விலா எலும்பு சாட்சியாக.

கல்லாவில் ட்வைலா என்ற பெண். எதற்கும் ஆச்சரியப்படாதவள். வெர்லின் தன் தேவையைச் சொன்னார். அவள் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து காலி என்று காட்டி, கண்ணாடிமேல் வைத்தாள்.

"இது நீளம். இது தடிமன். இது குட்டி. குட்டின்னா சாது இல்ல, சுட்டா கையில குதிக்கும். எப்படிச் சோதிச்சுப் பாக்கப் போறீங்க?"

வெர்லின் மனைவியைப் பார்த்தார். நடீன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னே வந்தார்.

எழுதுகிறவனாக நான் எத்தனையோ காதல் காட்சிகளை முயன்றிருக்கிறேன், ஒன்றும் தேறியதில்லை. இங்கே, சுவரில் மாட்டிய மான் தலைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் தன் கணவரை வரிசையாகக் கட்டிப்பிடித்தாள்.

நீளமானதை வெர்லின் வலது இடுப்பில் செருகினார். "தெரியுது."

முதுகின் நடுவே. "என் கை நேரா அங்கதானே வருது டட்டில். என்ன, பைபிளைக் கட்டிட்டு வந்தியா?"

தடிமனானதை வயிற்றுக்கு முன்னால். "ஐயோ, இது வேண்டாம். போதகர் தப்பா நினைப்பார்."

அக்குளுக்குக் கீழே. "நெஞ்சுல இடிக்குது."

கணுக்காலில் குட்டியைக் கட்டிக்கொண்டார். தழுவலில் தெரியவில்லை. வெர்லின் முகம் மலர்ந்தது. "நட," என்றார் நடீன். வெர்லின் நடந்தார். முள் குத்திய மாடு போல நடந்தார். காலுறை நழுவித் துப்பாக்கியோடு சேர்ந்து காலணிமேல் உட்கார்ந்தது.

"மறைச்சு வைக்கறதுன்னா யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான்," என்றாள் ட்வைலா. "கட்டிப்பிடிக்கறதுக்குன்னு யாரும் துப்பாக்கி உறை தைக்கல."

"தெரியுது கண்ணு. அடுத்த ஊருக்கே தெரியுது," என்றார் நடீன்.

இந்த நேரத்தில் கடைக்குள் வந்தது கேலன். தன் ஆயுதத்துக்கு எண்ணெய் வாங்க வந்திருந்தார்.

"நான் முன்னமே சொன்னேனே பிரதர். காவல்காரன் யாரையும் கிட்ட விடக்கூடாது. கைநீளத் தூரம். வாசல்ல நிக்கறதை வேற யாருக்காவது குடுத்துடு."

"யாருக்கு?"

"யாராவது. கட்டிப்பிடிக்கப் பயிற்சியா வேணும்?"

நடீன் சொன்னார். "கேலன், நீ ஒரு தடவை பிடி."

"எதை?"

"என் புருஷனை."

கேலன் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் நடீன் அப்படியே நின்றார். வேறு வழியில்லாமல் கேலன் இரண்டு கைகளையும் ஏணி தூக்குகிறவர் போல நீட்டினார். வெர்லின் அவரைத் தன் பாணியில், மெத்தைபோல, மூடிக்கொண்டார். கேலனின் மேலங்கிக்குள் இருந்த மூன்று பொருட்கள் மடமடவென்று இடித்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் காதுகள் சிவந்தன. தழுவலிலிருந்து வெளியே வந்ததும், எண்ணெய் வாங்க மறந்து கடையை விட்டுப் போனார்.

"இப்ப தெரியுதா, எது பயிற்சின்னு," என்றார் நடீன், மூடிய கதவைப் பார்த்து.

வெர்லின் நீளமான நாற்பத்தைந்தையே வாங்கினார். கையில் அதுதான் பாந்தமாக இருந்ததாம். ஆண்பிள்ளை டயர் வாங்குகிற அழகும் இதேதான்: மூன்றைப் பார்த்து முதலாவதையே எடுப்பது.

7

துப்பாக்கி கதைக்குள் வந்துவிட்டது, எப்போது சுடப்போகிறார்கள் என்று நீங்கள் பக்கம் புரட்டுவது தெரிகிறது. சுடமாட்டார்கள். ஆனாலும் முடிவுகள் கைவசம் உண்டு.

ஒன்று: அந்நியன் ஒருவன் வருகிறான், வெர்லின் சபையைக் காப்பாற்றுகிறார். இதை எழுதினால் கேலன் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார். அந்தச் சந்தோஷத்தை நான் அவருக்குத் தருவதாக இல்லை.

இன்னொன்று: ஞானஸ்நானத் தொட்டிக்குள் துப்பாக்கி விழுகிறது. சிரிப்பீர்கள், பிறகு என்னை மலிவானவன் என்பீர்கள்.

மூன்றாவது, வெர்லின் திருந்தி, அதை உருக்கி ஒரு மணியாக

இல்லை. அவருக்கு அது பிடித்திருக்கிறது. சனிக்கிழமைகளில் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்.

8

நடந்ததில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு வெர்லின் வாசலில் நின்றார், மேலங்கியோடுதான். நடீன் இரண்டாவது வரிசையில் கைப்பையை வைத்தபோது பெஞ்சு சத்தம் போட்டது. பெரிய பைதான் அது, எப்போதும் ஏதாவது சத்தம் போடும். ஆகவே இது எதையும் நிரூபிக்காது.

ஆர்விஸின் வண்டி வந்தது. இறங்கி, சமையலறைக் கதவை நோக்கி நடந்தார். வெர்லின் கூப்பிடவில்லை. வாசலை விட்டுப் புல்தரைக்கு இறங்கி, இரண்டு கைகளையும் முழுசாக விரித்துக்கொண்டு வெயிலில் நின்றார். பார்க்கச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரிதான் இருந்தது. ஆர்விஸ் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பி வந்தார்.

பக்கவாட்டில் இல்லை. நேருக்கு நேர். நீளமாக. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, யாரும் செருமவில்லை.

விலகியபோது ஆர்விஸ் அந்த வாரத்துக்கான தன் ஒரே வாக்கியத்தைப் பேசினார்.

"நீ இளைச்சுட்டே, வெர்லின்."

நடீனின் சமையலைச் சாப்பிடுகிற யாரும் ஒரே வாரத்தில் இளைக்க முடியாது. இதற்குமேல் எனக்குத் தெரியாது. என் முறை வந்தபோது நான் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதையும் கவனிக்காமல் தழுவிக்கொண்டு உள்ளே போனேன். கதைக்காரன் என்றால் தேடிப் பார்த்திருக்க வேண்டும்தான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

நீங்கள் எனக்குப் பின்னால் நிற்கிறீர்கள். அவர் கைகளை விரித்துவிட்டார். போங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.