தலைமாட்டுக் கயிறு

"இன்னும் ஒரு குழாய் இரத்தம் எடுக்கணும்," என்றார் டாக்டர்.

ரோனா பாதி எழுந்துவிட்டாள். கறுப்புச் சட்டையின் கை தோள்வரை சுருட்டியிருந்தது. முழங்கை மடிப்பில் ஊசி இன்னும் நின்றது.

"சீக்கிரம் எடுங்க டாக்டர். எங்கம்மா காத்துட்டிருக்கா."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"பெட்டியில இருக்கா. மத்தியானம் அடக்கம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தேதியை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்றார். மாற்றினால் அடுத்து எப்போது கூப்பிடுவார்களோ, அதுவரை அவளுடைய மீன் வேன் துறைமுகத்திலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான். குடித்துவிட்டு ஓட்டியதற்கு இரண்டு வருடத் தடை. தடை முடிந்தாலும் லைசென்ஸ் தானாக வீடு தேடி வராது. அவள் குடியை விட்டுவிட்டாள் என்று அவள் இரத்தம் சொல்ல வேண்டும்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"பிடிபட்ட அன்னிக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று ரோனா பார்க்கவில்லை. நம்ப வேண்டியது அவர் இல்லையே.

வாசலில் கென்னி காரை ஓடவிட்டே வைத்திருந்தான். துறைமுகத்து மதுக்கடை அவனுடையது. அவள் பிடிபட்ட அன்று போலீஸுக்கு போன் போட்டு அவளைக் காட்டிக்கொடுத்தது கென்னிதான் என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். ரோனாவின் தம்பி ஃபிரேசர் அதிலிருந்து அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. கென்னி ஒருமுறை மறுத்துப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான்.

கடலோரச் சாலையில் கார் பறந்தது. இதே சாலையில்தான் அம்மா எஃபி இரண்டு வருடமாக மீன் வேனை ஓட்டினாள். மகளுக்குத் தடை விழுந்த மறுநாளே சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவள். ஊர் ஊராக ஹாடக் மீன் விற்க ரோனா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனாள். அம்மாவின் ஆமை வேகத்துக்கு டிராக்டர்காரன்கூட ஹாரன் அடித்தான். "அவசரமா இருந்தா பறந்து போடா," என்பாள் எஃபி, கண்ணாடியை இறக்காமலே.

கல்லறைத் தோட்டத்தில் காற்று குடைகளைப் புரட்டியது. காரிலிருந்து இறங்கியவளை ஃபிரேசர் மேலும் கீழும் பார்த்தான்.

"அவன் கார்லயா வந்தே? அதுவும் இந்தப் பழுப்புக் கோட்டோட? மீன் வாடை அடிக்குது, ரோனா."

"அம்மாவுக்கும் இதே வாடைதான்."

அந்தக் கரையில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவது வெட்டியான் வேலை இல்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கயிறு பிடித்து இறக்க வேண்டும். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. ஃபிரேசர் கை நீட்டுவதற்குள் ரோனா அதை எடுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள்.

"பொம்பளைங்க இதைப் பிடிச்சதில்ல," என்றான் அவன், பல்லைக் கடித்து.

"நான் மூத்தவ. நீ கால்மாட்டுக்குப் போ."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடக்க ஏற்பாட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். ஃபிரேசர் போனான்.

ஒரு கயிறு மட்டும் புல்லில் கிடந்தது. நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்குரியது. அங்கே மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. ரோனா மதிலோரம் நின்ற கென்னியைப் பார்த்து, வந்து பிடி என்று தலையசைத்தாள்.

ஃபிரேசர் அவள் பக்கத்தில் வந்துவிட்டான்.

"போலீஸுக்கு போன் பண்ண கையாலயா அம்மாவை இறக்கணும்?"

"அவன் பண்ணல."

"அப்ப யாரு?"

"முதல்ல இறக்கு."

இறக்கினார்கள். பெட்டி கனத்தது. கயிறு நழுவ நழுவ ரோனாவின் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பிய்ந்தது. இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்தது. அவள் பிடியை விடவில்லை. பெட்டி மண்ணைத் தொட்டதும் எல்லோரும் கயிற்றை உள்ளே போட்டார்கள். அவள் கயிறு கடைசியாக விழுந்தது.

வழக்கப்படி விஸ்கி குப்பி கைமாறிக்கொண்டு வந்தது. ஃபிரேசர் அவளிடம் நீட்டினான்.

"இரத்தம் கொடுத்தாச்சு இல்ல? இனி ஒரு வாய் குடிச்சா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்." குப்பியை வாங்கிக் கென்னியிடம் கொடுத்தாள். கென்னி குடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

ஃபிரேசர் விடவில்லை. "யாருன்னு தெரிஞ்சுமா இத்தனை நாள் சும்மா இருந்தே?"

"தானா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேக்கட்டும்னு அங்கயும் இருந்திருக்கும். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல."

"யாரு ரோனா?"

அவள் கைவிரலால் இரத்தத்தைத் துடைத்தாள். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள்.

"அன்னிக்கு அந்தப் போலீஸ்காரர் என்னை ஊதச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். எதுக்குன்னு கேட்டேன். 'போன் பண்ணவங்க சொன்னாங்க, நீங்க கோட்டை வீட்லயே விட்டுட்டுக் கிளம்பிட்டீங்களாம்'னார்."

ஃபிரேசர் அவள் கோட்டைப் பார்த்தான்.

"இது அப்ப அடுப்படிக் கதவுக்குப் பின்னால தொங்கிட்டிருந்துச்சு. வீட்ல அம்மா மட்டும்தான் இருந்தா."