ஒருத்தருக்கு மட்டும் போன கரண்ட்

பேட்டரி வந்து இறங்கிய அன்று வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நாலு மாதக் காத்திருப்பு. செல் தட்டுப்பாடு என்றார்கள். கப்பல் தாமதம் என்றார்கள். உலகத்துக் கார்களெல்லாம் சேர்ந்து லித்தியத்தை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்காரர்களுக்கு மிச்சம் வைப்பதில்லை என்றும் சொன்னார்கள். கடைக்காரன் சொன்ன சாக்குகளை மகன் ஒன்று விடாமல் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்துக்கொண்டிருந்தான். கடைசியில் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து சுவரில் மாட்டினார்கள். வெள்ளைப் பெட்டி, ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. மருமகள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

ஆபரேட்டருக்கு அந்தப் பெட்டி பார்த்ததுமே பிடித்துப்போனது. ஆபரேட்டர் என்றால் மகனுடைய அப்பா. துணைமின் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஷிப்ட் பார்த்தவர். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவி போன பிறகு மகன் வீட்டுப் பின்னறைக்கு வந்தார், இரண்டு வருடம் ஆகிறது. இங்கே அவர் அப்பா, அல்லது மாமா. நிலையத்தில் ஐம்பத்தைந்து ஈய பேட்டரிகளுக்கென்று ஒரு தனி அறை உண்டு. உள்ளே நுழைந்தால் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், துடைக்க வேண்டும். தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்ற வேண்டும். அவருடைய சட்டைகளில் ஓட்டை விழாத சட்டை ஒன்றுகூட இருந்ததில்லை. இந்தப் புதுப் பெட்டியோ தண்ணீர் கேட்கவில்லை, நாறவில்லை, முனகவும் இல்லை. அதனோடு வந்த கையேட்டை அந்த வீட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அவர் ஒருவர்தான்.

கையேடு ஏகப்பட்ட கெடுபிடி செய்தது. வெயில் படக்கூடாது, புழுக்கம் கூடாது, காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் சாமான் எதுவும் இருக்கக்கூடாது. வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், பக்கவாட்டு நடை. சாயங்காலத்தில் ஆபரேட்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற இடம்.

"அப்பா, சேரை உள்ள எடுத்துப் போட்டுக்கறீங்களா? சுத்தி இடம் காலியா இருக்கணுமாம்" என்றான் மகன்.

"எடுத்துட்டேன்ப்பா" என்றார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று மனசுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் நாற்காலியைத் தூக்கினார். யோசித்துப் பார்த்தால் தானும் ஒண்ட வந்தவர்தானே என்று பட்டது. சிரிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு நாற்காலியைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வேலைக்கு வந்தவர்களில் பொறுப்பானவள் முப்பது வயதுப் பெண். காதில் பென்சில் செருகியிருந்தாள். கம்பியெல்லாம் இழுத்து முடித்தபின் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் போனா எது எது ஓடணும்னு சொல்லுங்க. ஆறு லைன் குடுக்கலாம். வீடு மொத்தத்தையும் மாட்டினா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது."

படிவத்தில் மேலே 'அத்தியாவசியச் சுமைகள்' என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே ஆறு கோடு. இன்னும் கீழே 'மற்ற சுமைகள்' என்று ஒரு கட்டம். மின்சாரக்காரர்களுக்கு எல்லாமே சுமைதான்; விளக்கும் சுமை, மோட்டாரும் சுமை. ஆபரேட்டர் தன் ஆயுளில் அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃப்ரிட்ஜ் முதலில் வந்தது. அப்புறம் சமையலறை, ஹால், மகன் படுக்கையறை. மருமகள் கம்ப்யூட்டரில் பாடம் எடுக்கும் அறை ஐந்தாவது. வைஃபையும் அதிலேயே அடக்கம். ஆறாவதுக்குத்தான் இருவரும் கொஞ்சம் யோசித்தார்கள்.

"வாசல் லைட்டு?" என்றாள் மருமகள். "இருட்டாக் கிடந்தா ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும்."

"கரெக்ட்" என்றான் மகன்.

பின்னறை முன்னே சாமான் போடும் அறையாக இருந்தது. அதற்குத் தனி லைன் கிடையாது. குளியலறை ஹீட்டரின் லைனிலிருந்து பிரித்து ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் கொடுத்திருந்தார்கள். ஹீட்டரை எந்த மடையனும் பேட்டரியில் மாட்ட மாட்டான். அந்தப் பெண் போர்டில் 'ஹீட்டர்' என்று எழுதியிருந்த ஸ்விட்சைப் பார்த்தாள், 'மற்ற சுமைகள்' கட்டத்தில் எழுதிக்கொண்டாள். ஹீட்டரோடு சேர்ந்து ஆபரேட்டரும் அந்தக் கட்டத்துக்குள் போனார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

இதில் யார் குற்றமும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. உற்பத்தி குறைந்த காலங்களில் எந்தப் பகுதியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி லைனைத் தொடக்கூடாது, குடிநீர் மோட்டாரைத் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு முறை வைத்து இருட்டு. போனில் கூப்பிட்டுத் திட்டுகிறவர்களிடம், "பட்டியல்ல இருக்கறபடிதாங்க பண்றோம்" என்று பொறுமையாகச் சொல்வார். பட்டியல் போடுகிறவனுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. நிறுத்தப்படுகிற தெருவை அவன் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மனைவிகூடக் கேலி செய்வாள்: "ஊருக்கெல்லாம் இருட்டு குடுத்துட்டு வந்து, வீட்டுல லைட்டை அணைக்கலைன்னு எங்கிட்ட சண்டை போடறீங்க."

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் அவரிடம் நின்றாள். அவர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையில் ஏதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"ஐயா, நீங்க எந்த ரூம்ல இருக்கீங்க?"

"முன்னாடி ரூம்தாம்மா" என்றார் ஆபரேட்டர்.

"அப்ப சரி" என்று போய்விட்டாள்.

ஏன் பொய் சொன்னார் என்று அன்று ராத்திரி தன்னையே கேட்டுக்கொண்டார். பத்து நிமிட வேலை. ஒரு கம்பியை மாற்றிக் குத்தினால் முடிந்தது. அவரே செய்யலாம், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற வெளிச்சம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மகனுக்குத் தானாகத் தோன்ற வேண்டும். என்றைக்காவது கரண்ட் போகும்போது, 'அய்யோ, அப்பா ரூம்' என்று அவன் எழுந்து வர வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சின்னப்பிள்ளைத்தனம் என்று வெட்கமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கரண்ட் போனது. சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். தலைக்கு மேலே ஃபேன் சோர்ந்து சோர்ந்து நின்றது. விளக்கும் இல்லை. ஆபரேட்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் வருவான் என்று கதவையே பார்த்தார்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, கூட்டமாகச் சிரித்தார்கள். சமையலறையில் மிக்ஸி ஓடியது. அவருக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. பெட்டி அத்தனை கெட்டிக்காரப் பெட்டி. கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் கைமாற்றிக்கொண்டுவிடும் என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. விளக்கு மினுக்கென்றுகூடக் காட்டாது. மகனுக்கும் மருமகளுக்கும் கரண்ட் போகவே இல்லை. அந்த வீட்டில் அது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் போயிருந்தது.

பழைய நாட்களில் கரண்ட் போனால் தெருவே சேர்ந்து 'ஹோ' என்று ஒரு சத்தம் போடும். மெழுகுவத்தி தேடுவார்கள், பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். திட்டுவதற்காவது ஒருத்தரை ஒருத்தர் நினைத்தார்கள். இந்த இருட்டில் திட்டுவதற்குக்கூடத் துணையில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனார்.

"என்ன மாமா, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றாள் மருமகள்.

"இன்னைக்குப் புழுக்கம்மா."

"அப்படியா? தெரியலையே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த மாதத்தில் இன்னும் மூன்று தடவை போனது. ஒவ்வொரு தடவையும் ஹாலுக்கு வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கப் போவதில்லை, நகர்ந்து இடம்கூடக் கொடுத்திருப்பார்கள். போனில் டார்ச் இருந்தது, அதையும் போடவில்லை. இருட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். வீம்பு என்றால் வீம்புதான். நடையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொள்வார். காலடி குளியலறைக்குப் போகும், அல்லது துணி எடுக்கப் போகும், திரும்பிவிடும். சாத்திய கதவுக்கு அடியில் ஹால் வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் கிடக்கும், அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி உயிரோடு இருந்தால் இந்நேரம் போர்டைத் திறந்து நின்று எல்லாரையும் ஒரு வழி பண்ணியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஐந்தாவது தடவை நீளமாகப் போனது. எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தம் அவர் காதுக்கு எட்டியது. மூன்று மணி நேரத்துக்குக் குறையாது என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். மணி ஏழு. ஹாலில் மருமகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடான துணி வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. ஒரு அயர்ன் பாக்ஸ் பதினைந்து ஃபேன் தின்னும். இது பேட்டரிக்கு ஆகாதே என்று நினைத்தார். போய்ச் சொல்லலாமா என்று எழுந்தும்விட்டார். போய்ச் சொன்னால், 'உங்களுக்கு எப்படித் தெரியும் கரண்ட் போனது?' என்று கேட்பார்கள், அங்கேயே எல்லாம் வெளிவந்துவிடும். அப்படி வருவது கேட்டு வாங்கியதற்குச் சமம்தான். மறுபடி உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஹாலில் நாற்காலி நகர்ந்தது. நடையில் காலடி. இந்தத் தடவை குளியலறையிலும் நிற்கவில்லை, துணிக்கொடியிலும் நிற்கவில்லை, நேராக அவருடைய கதவுக்கு வந்தது. மகனுடைய நடைதான், சந்தேகமில்லை. ஆபரேட்டர் எழுந்தே நின்றுவிட்டார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். என்ன சொல்வது என்று மளமளவென்று யோசித்தார். பரவாயில்லப்பா, எனக்கு இது பழக்கம்தான், எத்தனை பேரை இருட்டுல உக்காரவெச்சிருக்கேன். அப்படிச் சொன்னால் அவன் சிரிப்பான்.

கதவை இரண்டு தட்டுத் தட்டினான். திறக்கவில்லை.

"அப்பா."

"என்னப்பா?"

"கரண்ட் இல்லப்பா, பேட்டரில ஓடிட்டிருக்கு. இப்பதான் போன்ல பாத்தேன். ரொம்ப வேகமா இறங்குது. உங்க ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கறீங்களா?"

ஆபரேட்டர் கதவருகே போனார். கழுத்திலிருந்து வேர்வை இறங்கி முதுகில் ஓடுவது தெரிந்தது. கதவைத் திறந்து காட்டினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவன் பதறிப்போவான். மன்னிப்புக் கேட்பான், நாளைக்கே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கம்பியை மாற்றுவான், நல்ல பிள்ளை. ஆனால் ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று கதவுக்கு வெளியே நின்றாலே கேட்குமே. அந்த ஃபேனுக்குக் கடகடவென்று ஒரு சத்தம் உண்டு, இரண்டு வருடமாக உண்டு. அவன் அதை ஒரு தடவையும் கேட்டதில்லை.

"நிறுத்திட்டேன்ப்பா" என்றார்.

"தேங்க்ஸ்ப்பா."

காலடி திரும்பிப் போனது. ஆபரேட்டர் நின்ற இடத்திலேயே நின்றார். மகன் மேல் கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதிலாக அழுகை வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகுதான் ஞாபகம் வந்தது, ஃபேன் ஸ்விட்ச் போட்டபடியே இருக்கிறது. கரண்ட் வந்தால் ஓடும் என்று ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் விட்டுவைப்பார். மகனிடம் சொன்னது பொய்யாக வேண்டாம் என்று சுவரைத் தடவிக்கொண்டே போய் அதை அணைத்தார். பக்கத்திலேயே விளக்கு ஸ்விட்சும் கையில் தட்டுப்பட்டது, அதையும் அணைத்தார்.

ஹாலில் மருமகள் தேய்த்த துணிகளை மடித்து அடுக்குகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மகன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அப்பா, இப்ப பரவால்ல. அப்படியே நிக்குது. உங்க ஃபேன்தான் இழுத்திருக்கு."

"இனிமே பாத்துப் போட்டுக்கறேன்ப்பா" என்றார் ஆபரேட்டர்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கரண்ட் எப்போது திரும்பி வந்தது என்று அந்த வீட்டில் அவர் உட்பட யாருக்கும் தெரியவில்லை.