டயர் அறைக்கு அனுப்பப்பட்டவள்

பேருந்துப் பணிமனையில் பதினோரு வருடம் ஸ்பானர் பிடித்து ஃபோர்மேன் ஆனவள் அவள். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, அவளுடைய மேசையில் மேலாளரின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான்.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "இனிமே டயர் ரூம்ல உதவியாளர் வேலை. கைக்குழந்தைக்காரிக்கு எதுக்கும்மா இந்த என்ஜின் கண்றாவி? உன் நல்லதுக்குத்தான்."

"அந்தக் காரணத்தையும் இதுலயே எழுதிக் குடுங்க சார்."

என்ன செய்துவிடுவாள் என்ற தைரியத்தில், 'கைக்குழந்தை உள்ளதால்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளோடு அவள் நேரே ஒரு வக்கீலம்மாவிடம் போனாள்.

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. அத்தனை நாளும் தேய்ந்த டயர்களை உருட்டினாள். அவளிடம் தொழில் கற்றவர்களே அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"விட்டுத் தொலையேன். யானையோட மோதுற நீ," என்றான் கணவன்.

"யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

பார்த்தாள். குறுக்கு விசாரணையில் வக்கீலம்மா மேலாளரிடம் கேட்டார்: "உங்க மைத்துனரோட சின்னப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"ரெண்டு..."

"இவங்க பிள்ளை வயசுதான். கைக்குழந்தைக்காரர்னு அவரை ஏன் டயர் ரூமுக்கு அனுப்பல?"

நீதிமன்றமே சிரித்தது. மேலாளரின் காதோரம் வழிந்த வியர்வையை அவள் சொட்டுச் சொட்டாக ரசித்தாள்.

மறுநாள் மேலாளர் அவள் வீடு தேடி வந்தார். "ஏதோ நடந்து போச்சும்மா. சமாதானமாப் போயிடுவோம். வேற பணிமனையில ஃபோர்மேன் ஆக்குறேன்." பிள்ளை அவர் பக்கம் பந்தை உருட்டியது. அவர் குனியும்முன் அவள் பந்தை எடுத்துக்கொண்டு, வாசற்கதவைத் திறந்துவிட்டாள்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. பழைய பதவி, கூடவே, அவள் கேட்டபடி, ஊழியர்கள் அனைவர் முன்னும் மேலாளரே மன்னிப்புக் கடிதத்தை வாசிக்க வேண்டும்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பணிமனை முற்றத்தில் கூட்டம் கூடியது. மேலாளர் முணுமுணுவென்று வாசித்து முடித்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்," என்றாள் அவள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி எழுத்துவரை நின்று கேட்டாள்.

சாயங்காலம் கணவன் கேட்டான்: "அந்த ஆளைப் பாக்க உனக்குக் கொஞ்சம்கூடப் பாவமா இல்லியா?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்லியே. இன்னொரு தடவை படிக்கச் சொல்லியிருக்கலாம்."